குரங்கே இல்லாத கோட்டைகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல மாயக்கதை ஒன்றைப் படித்து முடித்துவிட்டால், அதை இன்னொருவர் கையில் திணிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவரிடம், மிஷின் சூடாகிற நேரத்துக்குள், இடம் மாறிக்கொண்டே இருக்கும் கிணற்றைப் பற்றியும் மீசை முளைத்த மீனைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். அவர் பாவம், சிட்டாவுக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பெண்கள் மட்டும் ஓடமாட்டார்கள். சார்ட் பேப்பர் வாங்க வந்தவர்கள் கடையின் பின்சுவரில் இருக்கும் இரும்பு ரேக்கின் முன்னால் நின்றுவிடுவார்கள். அதில்தான் என் புத்தகங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம், திருப்பித் தந்தால் போதும்.

இந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் தலைமையாசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். பழைய மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலமாரியும் புத்தகங்களும் வாங்கித் தருகிறாளாம்.

“மாயக்கதையா பதினஞ்சு புத்தகம் வாங்கணும்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. நான் பொது அறிவு கேட்டேன், கேக்கல. எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நீங்கதான் எந்நேரமும் இதையே பேசிக்கினு இருக்கீங்களே, ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க” என்றார்.

கரும்பு தின்னக் கூலியா! நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு புத்தகத்தையும் யாராவது ஒருவர் முழுதாகப் படித்து ஒருவரி கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்வது செல்லாது. எனக்குத்தான் எல்லாமே பிடிக்குமே. இரண்டாவது, பதினைந்து புத்தகங்களும் அவர் மேஜைக்கு வரவேண்டும், புரட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நாலு மணிக்குள்.

அன்றைக்கே கடைக்கு வரும் எட்டாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்தேன். கல்யாணச் சமையலில் உப்புப் பார்க்க ஆள் இருப்பதுபோல இவர்கள் என் உப்புப் பார்க்கும் கோஷ்டி. அவர்களுக்காக நான் பொறுக்கியெடுத்த முதல் ஒன்பது புத்தகங்களும் கோட்டைக் கதைகள். என் கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. கோட்டை ஊரில் பிறந்த பிள்ளைகள், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிறது. கோட்டைக்குள் மந்திரவாதி, கோட்டைக்குள் பாதாள அறை, கோட்டைக்குள் தூங்கும் பூதம் என்று கொடுத்தால் தின்று தீர்த்துவிட மாட்டார்களா?

ஒரே வாரத்தில் ஒன்பதும் திரும்பி வந்தன.

“அக்கா, இதுல கோட்டைல ஒரு கொரங்குகூட இல்ல” என்றாள் ஒருத்தி. “கொரங்கே இல்லாத கோட்டை எங்கனா இருக்குமா? எழுதுனவரு கோட்டையே பார்த்ததில்ல.”

“இவன் கத்தியத் தூக்கிக்கினு உச்சி வரைக்கும் ஓடுறான்க்கா, மூச்சே வாங்கல” என்றாள் இன்னொருத்தி. “நாங்க டூர் போனப்ப பி.டி. சாரே பாதியில உக்காந்துட்டாரு.”

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மாயமாக இருக்கும் கோட்டை இவர்களுக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா படுத்துத் தூங்கும் நிழல். அவர்கள் கேட்டது பனி! கடல்! பூமிக்கு அடியில் ஓடும் ரயில்! லிஃப்டில் ஏறி தப்பான மாடியில் இறங்கினால் வேறு உலகம் வரும் கதை ஒன்றைக் கொடுத்தேன். அதற்கு ஐந்து பேரும் அடித்துக்கொண்டார்கள். செஞ்சியில் லிஃப்ட் ஏறினவர்கள் எத்தனை பேர்? கோபுரமும் கொத்தளமும் யாருக்கு வேண்டும்? சரி, உப்பு எனக்குத்தான் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கிழித்ததில்லை.

ஐந்து பேரில் ஒருத்தி தனி ரகம். ஒல்லியான பெண், இரட்டைச் சடை, அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மா கோட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். பெருக்குவது, வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்களையும் பிரியாணிப் பொட்டலங்களையும் பொறுக்குவது. இந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துத் தருவாள். “நல்லாருக்குது, நல்லால்ல” என்றெல்லாம் சொல்லமாட்டாள்.

“ராட்சசன் செத்துட்டான், சரிக்கா. மலை மாதிரி இருக்கறவன எப்படித் தூக்கிப் போட்டாங்க? நாத்தம் வராதா?”

“பறக்குற யானை ஊருக்கு மேல சாணி போட்டா?”

“ஆயிரம் பேரு விருந்து சாப்டாங்களே, எலைய யாரு எடுத்தா?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷமாக மாயக்கதை படிக்கிறேன், ஒரு நாளாவது இலையை யார் எடுத்தார்கள் என்று யோசித்திருக்கிறேனா? எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்படி ஒரு மூளையா! வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். தாலுகா ஆபீஸ் பியூனிடம் சொன்னேன், எல்.ஐ.சி. ஏஜென்டிடம் சொன்னேன். “பாருங்க, இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்” என்று நானே பெற்று வளர்த்ததுபோலப் பீற்றிக்கொண்டேன். அவள் மட்டும் நான் புகழும்போது தரையைப் பார்ப்பாள். அடக்கம் என்று நினைத்தேன்.

பதினாலு புத்தகங்கள் தேறிவிட்டன. பதினைந்தாவதாக ஒரு கோட்டைக் கதையையாவது உள்ளே நுழைத்தே தீருவது என்று எனக்குப் பிடிவாதம். என்னிடம் அட்டை போன பழைய புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையோடு பெயரும் போய்விட்டது, யார் எழுதியது என்றும் தெரியாது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகவிருந்ததை நான் பதினாறு வயதில் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு கோட்டை. பொழுது சாய்ந்தால் அதன் படிக்கட்டில் ஒரு படி தானாகக் கூடிவிடும். உச்சியில் இருக்கும் ராணியைப் பார்த்து, தன் ஊரின் வறண்ட ஏரியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று ஒரு சிறுமி ஏறுகிறாள். ஏற ஏறப் படிகள் வளர்கின்றன. அந்தப் புத்தகத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உலகத்திலேயே அது ஒரு பிரதிதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அதை இரட்டைச் சடைக்காரியிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் ஆயிற்று. “முடிச்சிட்டியா?” என்றால் “நாளைக்கு எடுத்தாரேன்க்கா” என்றாள். இரண்டு வாரம் ஆயிற்று, அதே பதில். வியாழக்கிழமை வந்துவிட்டது, அடுத்த நாள் நாலு மணிக்குள் பதினைந்தும் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும். சாயந்திரம் அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இது ஊருக்கே தெரியும். மற்ற நாலு பெண்களையும் வைத்துக்கொண்டே கத்திவிட்டேன்.

“தொலைச்சிட்ட, அப்படித்தானே? தொலைச்சிட்டுத் தெனமும் ஒரு சாக்கா? இனிமே இந்த ரேக்குல ஒரு புத்தகத்தையும் நீ தொடக்கூடாது, சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. “தொலைக்கலக்கா” என்று மட்டும் சொன்னாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் பேசியது அதிகம் என்று அப்போதே உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் உறுத்தலை ஒத்துக்கொள்கிற நிலையில் நான் இல்லை. என் புத்தகம் போயிற்றே என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அவள் அம்மாவிடமே புகார் சொல்வது என்று முடிவு. திருவண்ணாமலை ரோட்டில் போகும்போதே வசனமெல்லாம் தயார் செய்துவிட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு கோட்டைக்குள் போனேன். சாப்பாட்டு நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. வாசல் காவலாளி, களஞ்சியத்துப் பக்கம் பாருங்கள் என்றார்.

அந்தக் காலத்து நெல் களஞ்சியத்தின் சுவர் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சேலைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பக்கத்தில் பாதி நிறைந்த சாக்கு. டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, சோற்றில் கை வைத்த அடையாளமே இல்லை. வலது கையில் குரங்கு விரட்டும் குச்சி. மடியில் என் அட்டை போன புத்தகம். ஒரு குரங்கு டிபன் பாக்ஸை நோக்கி நெருங்கியது. தலையைத் தூக்காமலே குச்சியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

தயார் செய்துவைத்த வசனத்தை விழுங்கிவிட்டுக் கிட்டே போனேன்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். ஜெராக்ஸ் கடைக்காரி என்று தெரிந்திருக்கிறது. பதறி எழுந்து, புத்தகத்தைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தாள். அப்புறம் மறைத்து என்ன பயன் என்று நீட்டினாள்.

“மேடம், பாப்பா மேல தப்பு இல்லிங்க. நாந்தான் வச்சிக்கினு இருந்தேன். யாராண்டயும் சொல்லாதடின்னு சத்தியம் வாங்கிட்டேன். இந்த வயசுல கொழந்தைங்க கதை படிக்கிறாளாம்னு சிரிப்பாங்க இல்ல? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா இன்னும் கேவலம்.”

“முன்னாடி குடுத்த புத்தகங்கள்?”

“எல்லாம் படிச்சேங்க. அவ ராத்திரியே படிச்சி முடிச்சிடுவா, காலையில நான் பையில போட்டுக்கினு வந்துடுவேன். இது மட்டும் மெதுவாப் படிச்சேன். தீந்துடுமேன்னு.”

சட்டென்று எனக்கு மண்டையில் உறைத்தது. “எலைய யாரு எடுத்தான்னு கேட்டது?”

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். “நாங்கதான எடுக்குறோம். அதான் தோணுச்சி. பாப்பா அதையே உங்களாண்ட கேட்டுட்டாளா?”

ராட்சசனின் நாற்றமும் அவள்தான். யானையின் சாணியும் அவள்தான். ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்ட அந்த மூளை இங்கே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது! எனக்கு அவமானமும் குதூகலமும் ஒன்றாகப் பொங்கின. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. “மன்னிச்சிடும்மா, உங்க பொண்ணை நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்” என்றேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பெண் சாப்பிடாமல் படுத்தாளாம். புத்தகத்தை முடித்து, இன்று சாயந்திரம் இவளே கடைக்கு வந்து கொடுத்துவிட நினைத்திருந்தாளாம்.

“நீங்க எடுத்துக்கினு போங்க மேடம். இன்னும் இருபது பக்கம்தான். மீதிக் கதைய பாப்பாவாண்ட கேட்டுக்குறேன்.”

“நாலு மணிக்குள்ள குடுக்கணும். இப்ப ஒண்ணேகால்தான் ஆவுது. படிச்சி முடிச்சிட்டுக் குடுங்க, நான் இருக்கேன்” என்றேன்.

“சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடுச்சிங்க. மூணு பஸ் பள்ளிக்கூடப் புள்ளைங்க வருதாம். கல்யாண மகால் பக்கம் கூட்டணும்.” துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பினாள். கேட்கலாமா வேண்டாமா என்று அவள் முகம் பட்ட பாடு இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. “யக்கா, நீங்க படிங்களேன். நான் கூட்டிக்கினே கேக்குறேன்.”

அப்படித்தான் நான், நாற்பத்தைந்து வயதுக்காரி, செஞ்சிக் கோட்டைக்குள் நட்ட நடு வெயிலில் ஒரு துடைப்பத்துக்குப் பின்னாலேயே நடந்து உரக்கக் கதை படித்தேன். அவள் வலப்பக்கம் திரும்பினால் நானும் வலப்பக்கம். ஒரு கையில் புத்தகம், மறு கையில் அவள் சாக்கு. அவள் பாட்டில்களை எடுத்துப் போடுவாள், நான் சாக்கை விரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவேன். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி எங்களையும் சேர்த்து எடுத்தது. எடுத்துக்கொள்ளட்டும்!

அவள் சும்மா கேட்கிற ஆளா? சிறுமி நூறு படி ஏறியும் உச்சி அதே தூரத்தில் இருக்கிறது என்று படித்ததும் துடைப்பத்தை நிறுத்தினாள்.

“இது நெசம்க்கா. ராஜகிரி மேல கூட்டுறதுக்கு வாரத்துல ரெண்டு நாள் ஏறுவேன். ஒவ்வொரு வாரமும் ஒரு படி கூடத்தான் செய்யுது. எழுதுனவரு ஏறியிருக்காரு.”

கடைசி நாலு பக்கம் வந்தது. எத்தனையோ தடவை படித்ததுதான், ஆனால் இன்னொருவர் முதல்தடவை கேட்பதைப் பார்த்துக்கொண்டே படிப்பது வேறு. சிறுமி கால் ஓய்ந்து நடுப்படியில் உட்காருகிறாள். அப்போது அவளுக்குப் புரிகிறது: ஏறுகிறவருக்குத்தான் படி வளர்கிறது, இறங்குகிறவருக்கு வளர்வதில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். ராணி, நான் வரமாட்டேன், நீ இறங்கி வா! கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே, வெகு மேலே, ஒரு கொலுசுச் சத்தம்.

“அதான!” என்று அவள் போட்ட சத்தத்தில் கல்யாண மகாலின் பழைய அடுக்குக் கோபுரத்தின் மேல் இருந்த கிளிகள் எழும்பின. துடைப்பத்தைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள். “எறங்கி வரட்டும்! எவ்ளோ நாளைக்கி நாமளே ஏறுறது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. அந்த முடிவைப் பதினாறு வயதிலிருந்து படிக்கிறேன். வெறும் தந்திரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பேனாவை எடுத்து அங்கேயே பட்டியலில் பதினைந்தாவதற்கு நேராக அவள் கடைசியாகச் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். கடைக்கு ஒருமுறை வந்துபோகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றரைக்குப் புத்தகங்களைத் தலைமையாசிரியையின் மேஜையில் அடுக்கினேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து பதினைந்தாவதில் நின்றார்.

“இது எந்தப் புள்ள சொன்னது?”

“புள்ள இல்லங்க. நம்ம எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணோட அம்மா. கோட்டையில கூட்டுறாங்க.”

அவர் அட்டை போன புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, “இதை நான் திங்கக்கெழம தரேன்” என்றார். பதினைந்தையும் ஒப்புக்கொண்டார். கடைகளில் கிடைக்காத அந்தப் பதினைந்தாவதை நகலெடுத்து அட்டை போட்டு வைப்பது என் பொறுப்பு. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இது ஒரு வேலையா!

சாயந்திரம் ஐந்து பெண்களும் கடைக்கு வந்தார்கள். நாலு பேர் முன்னால் திட்டினேன், அதே நாலு பேர் முன்னால் இரட்டைச் சடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் “பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு அவள் அம்மா வந்தாள். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பஸ் ஸ்டாண்ட் ஜனம் பார்க்க, பெண்களை விலக்கிக்கொண்டு ரேக்கின் முன்னால் வந்து நின்று ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் இருந்த பெயரைப் படித்தாள்.

அவள் கை ஒரு புத்தகத்தின் மேல் நின்றபோது பெண்களில் ஒருத்தி, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், கேட்டுவிட்டாள். “ஆன்ட்டி, நீங்களா படிக்கப் போறீங்க? இது எங்க வயசுப் புள்ளைங்களுக்கு ஆச்சே?”

மத்தியானம் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்தவள் இவள்தான். இப்போது புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். போனால் திரும்ப வரமாட்டாள்.

அவள் புத்தகத்தை உருவி எடுத்தாள்.

“நான் எட்டாவதோட நின்னுட்டேன் பாப்பா. உங்க வயசுல எனக்கு யாரும் இந்த மாதிரிப் பொய்யெல்லாம் சொன்னதில்ல. எப்பப் பாரு நெசத்தையேதான் சொன்னாங்க” என்றாள். “இப்பனாச்சும் கேட்டுக்குறேனே.”

பெண்கள் ஐந்து பேரும் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அப்புறம் ஒருத்தி, அது வேண்டாம் ஆன்ட்டி, லிஃப்ட் கதையை எடுங்கள் என்றாள். இன்னொருத்தி, பனிக் கதைதான் முதலில் என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்திக் கத்தி அவளுக்குச் சிபாரிசு செய்தார்கள், என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.